படுத்துச் சுட்டால் குறி ஏன் பிசகுவதில்லை?

50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மி.மீ. அகலம்தான். ஒரு மீட்டர் நீளத் துப்பாக்கியின் முனை 0.1 மி.மீ. விலகினாலே குண்டு அங்கே 5 மி.மீ. தள்ளிப் போய்விடும்.

படுக்கும்போது உடலின் எடை தரையில் பரவுகிறது. சாயாமல் நிற்க உழைக்கும் தசைகளுக்கு வேலை இல்லை. தசை சுருங்கினால் நடுங்கும், எலும்பு நடுங்காது. அதனால் இடது முழங்கையைத் தரையில் ஊன்றி, முன்கையைத் தூணாக்கி, அதன்மேல் துப்பாக்கியை வைக்கிறார்கள். மேற்கையிலிருந்து துப்பாக்கிக்கு இழுத்துக் கட்டிய வார் பாரத்தைத் தாங்குகிறது. வலது முழங்காலைச் சற்று மடக்கினால் வயிறு தரையில் அழுந்தாது, மூச்சும் நாடித்துடிப்பும் குறியை அவ்வளவாக அசைக்காது. மூச்சை விட்டபின் வரும் இயல்பான இடைவெளியில் விசையை மெல்ல அழுத்த வேண்டும்.

என் பார்வையில் இதில் மிக அழகான நுட்பம் வேறொன்று. குறிவைத்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். உடலைத் தளர்த்தி, மூச்சுவிட்டுத் திறங்கள். குறி நகர்ந்திருந்தால் கையால் தள்ளித் திருத்தவே கூடாது. தள்ளிய தசை சுடும் நொடியில் தளர்ந்து, குண்டைப் பழைய திசைக்கே அனுப்பும். இடது முழங்கையை அசைக்காமல், மொத்த உடலையும் நகர்த்துவதே வழி.

வேட்டைக்காரர்கள் வாருக்குப் பதில் முதுகுப்பையின்மேல் வைத்துச் சுடுவதுண்டு. அப்போது பையில் பட வேண்டியது துப்பாக்கியின் கட்டைப் பகுதி. குழல் பட்டால் அதன் அதிர்வு மாறி, குண்டு விழும் இடமும் மாறும்.