பிறந்த தேதி எதற்கு?

ஆறு வாரம் காத்திருந்த பிறகு வந்த மின்னஞ்சலில் நான்கே வரிகள் இருந்தன. மூன்றாவது வரி ஒரு கேள்வி: நோயாளிகளின் பிறந்த தேதி உங்கள் ஆய்வுக்கு எதற்காகத் தேவைப்படுகிறது? மலாய்மொழியில் மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். எனக்குத்தான் கோபம் தலைக்கேறியது. பாரத்தில் அந்தக் கட்டம் இருந்தது, நான் அதில் அடையாளமிட்டேன். இதற்கெல்லாமா காரணம் சொல்வார்கள்?

இந்தக் கதையை முதலிலிருந்து சொல்கிறேன். நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறேன். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு தேடவேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. தலைப்பு எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து தினமும் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறது. பாட்டிக்குப் பல வருடங்களாக இனிப்பு நீர். காலில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தது. மஞ்சள் வைத்துக் கட்டினார். பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் மருத்துவமனையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகத்தான் அக்கம்பக்கத்தில் இன்றுவரை சொல்லி வைத்திருக்கிறார். கல்யாணத்துக்குப் போனாலும் காலுறை போட்டுக்கொண்டுதான் போவார்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். இந்த எண் பலமுறை செய்திகளில் வந்துவிட்டது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் என் கேள்வி வேறு. நீரிழிவு உள்ளவர்களின் கால்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டி. நம்மவர்களில் அந்தப் பரிசோதனைக்கு வராமல் விட்டுப்போகிறவர்கள் யார்? வயதானவர்களா, வேலைக்குப் போகிறவர்களா, பெண்களா, கிளினிக்குக்குத் தூரமாக இருப்பவர்களா? அச்சிட்ட அறிக்கைகளில் இதற்குப் பதில் கிடைக்கவில்லை. பதில் இருக்கும் இடம், ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு வரி என்று பதிந்து வைத்திருக்கும் அரசாங்கப் பதிவேடு. அதைப் பார்க்க விண்ணப்பம் போட வேண்டும்.

போட்டேன். பதிவேட்டில் என்னென்ன விவரங்கள் இருக்கின்றன என்ற பட்டியலைக் கொடுத்து, வேண்டியதற்கு அடையாளமிடச் சொன்னார்கள். நான் 41 கட்டங்களில் அடையாளமிட்டேன். கூப்பிட்டு விருந்து வைத்தால் எல்லாவற்றையும் தட்டில் போட்டுக்கொள்வோமே, அந்த மாதிரி. பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, இனம், பாலினம், கிளினிக்கின் பெயர், முதன்முதலில் நோய் தெரியவந்த நாள்... பின்னால் எது உதவுமோ, யாருக்குத் தெரியும்?

மின்னஞ்சல் வந்த அன்று இரவு, வீட்டில் என்னுடன் தங்கியிருக்கும் தோழிகளிடம் ஒரு மணி நேரம் புலம்பினேன். நம் மக்களைப் பற்றிய தரவை நமக்கே காட்ட மாட்டேன் என்கிறார்கள், பிறகு இந்தியர் சமுதாயத்துக்கு ஆய்வு இல்லை என்று யாரைக் குறை சொல்வது, இப்படியெல்லாம் பேசினேன். அடுத்த நாள் அதே வேகத்தில் என் மேற்பார்வையாளரிடம் போனேன். அவர் மலாய்க்கார அம்மையார், தொற்றுநோயியல் படித்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு, “உன் அடையாள அட்டையை எடு” என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். எண்களின் மேல் விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினார். முதல் ஆறு இலக்கம், நான் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு 10, அதாவது பிறந்தது சிலாங்கூரில். பேராக்கில் பிறந்திருந்தால் 08, பினாங்கு என்றால் 07. கடைசி இலக்கம் இரட்டைப்படை, ஆகவே பெண். “உன் பெயரையே பார்க்கவில்லை. எவ்வளவு தெரிந்துகொண்டேன் பார்த்தாயா?” என்றார். இருபது வருடமாக அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது என்னைப் பற்றி இத்தனை பேசும் என்று அன்றுதான் யோசித்தேன்.

“ஆனால் டாக்டர், நான் பெயரும் கேட்கவில்லை, அடையாள எண்ணும் கேட்கவில்லை” என்றேன். அதற்கு அவர் சொன்ன சம்பவம், தரவுத் துறையில் இருப்பவர்களுக்குப் பழங்கதை. எனக்குப் புதிது.

1990களின் நடுப்பகுதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். அரசு ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதித் தரவை, பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டு ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். யாரையும் அடையாளம் காண முடியாது, கவலை வேண்டாம் என்றார் ஆளுநர் வில்லியம் வெல்ட். அப்போது எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, ஆளுநர் குடியிருந்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். அதில் ஆளுநரின் பிறந்த தேதியைக் கொண்டவர்கள் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் இருந்தவர் ஒருவரே. அவ்வளவுதான், ஆளுநரின் மருத்துவப் பதிவு அவர் கைக்கு வந்துவிட்டது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றை வைத்தே அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்தனியே பிரித்தெடுத்துவிடலாம் என்று 2000ஆம் ஆண்டில் அவர் கணக்கிட்டார்.

நான் கேட்ட 41இல் அந்த மூன்றும் இருந்தன. போதாததற்கு இனத்தையும் கேட்டிருந்தேன்.

அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. பக்கத்து வீடான சிங்கப்பூரில், 2018இல் சிங்ஹெல்த் கணினிகளில் ஊடுருவியவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள எண், முகவரி, பாலினம், இனம், பிறந்த தேதி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் இருந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் இன்னொரு செய்தி. எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்தன. பணத்தைப் பறிகொடுத்தால் திரும்பச் சம்பாதிக்கலாம். கடன் அட்டை எண் போனால் புது அட்டை வாங்கலாம். தனக்கு என்ன நோய் என்று பிறருக்குத் தெரிந்துவிட்டால் அதை எங்கே போய் மாற்றுவது?

அன்று மாலை ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் அஞ்சல் குறியீடு. அதில் இந்தியர்கள். அவர்களில் பெண்கள். அவர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் நீரிழிவு உள்ளவர்கள். அவர்களில் கால் விரல் இழந்தவர்கள். ஒவ்வொரு வரி எழுதும்போதும் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி வரியில் எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். பிறந்த தேதியே தேவைப்படவில்லை. எங்கள் தாமானில் யாராவது அந்தத் தரவைப் பார்த்தால், குளியலறைக் கதை அன்றோடு முடிந்தது.

நான் கேட்டது பாட்டியைத்தான். அவரிடம் கேட்காமல், அவர் மறைத்து வைத்திருப்பதை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் நான் மனம் திருந்திய கதை மாதிரி ஆகிவிடும். இந்த நாட்டில் நாம் ஏறக்குறைய 7 விழுக்காட்டினர். ஒரு மாவட்டத்தை வயது, பாலினம் என்று பிரிக்கத் தொடங்கினால், மற்ற இனத்தவரின் கட்டங்களில் நூறு, இருநூறு என்று இருக்கும்போது, நம் கட்டத்தில் நான்கோ மூன்றோதான் மிஞ்சும். அவ்வளவு சிறிய எண்ணை வெளியிட்டால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்பதால், பொதுவாக அந்தக் கட்டத்தை மறைத்துவிடுவார்கள், அல்லது ‘மற்றவர்கள்’ என்ற கட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள். நியாயம்தான். அதன் விளைவு என்னவென்றால், யாருக்கு நோய் அதிகமோ அவர்களைப் பற்றிய அட்டவணையில்தான் ஓட்டைகள் அதிகம். நம்மைப் பாதுகாக்கிற அதே விதிதான் நம்மைக் கண்ணில் படாமலும் செய்கிறது. இது யாருடைய தவறும் இல்லை. ஆனாலும் எனக்கு இன்றுவரை சமாதானம் ஆகவில்லை.

இதற்கு ஓரளவு வழி உண்டு. மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்தார். ஒரே ஆண்டை எடுக்காமல் ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துக் கேள். மாவட்டத்தை விட்டு மாநிலத்துக்குப் போ. பிறந்த தேதிக்குப் பதில் பத்துப் பத்து வயதாகக் கட்டு. கட்டம் பெரிதாகும், ஆளும் கூட்டத்தில் கலந்துவிடுவார். ஒரு வரி, குறைந்தது இத்தனை பேருக்காவது பொருந்த வேண்டும் என்ற இந்த முறைக்கு இலக்கணம் எழுதியவர்களில் ஒருவரும் அதே ஸ்வீனிதான். இதற்கு விலை இல்லாமல் இல்லை. எந்தக் கிளினிக்கில் நம்மவர்கள் விட்டுப்போகிறார்கள் என்று என்னால் இனிச் சொல்ல முடியாது. சிலாங்கூரில் இந்த வயதுப் பெண்கள் என்றுதான் சொல்லமுடியும்.

விண்ணப்பத்தைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே “இது எந்தக் கேள்விக்குப் பதில்?” என்று ஒரு வரி எழுதவேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். அப்போதுதான் தெரிந்தது, என்னிடம் கேள்வியே சரியாக இல்லை. விரும்பியதெல்லாம் இருந்தது, கேள்விதான் இல்லை. நான்கு நாள் ஆயிற்று. 41 கட்டங்கள் 9 ஆயின.

பின்னால் வரப்போகும் தம்பி தங்கைகளுக்குச் சில விஷயம். சுகாதார அமைச்சின் ஊழியர், இடம், தரவு இவற்றில் எதைத் தொட்டாலும் முதலில் என்.எம்.ஆர்.ஆர். எனப்படும் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவகத்தில் ஆய்வைப் பதிய வேண்டும். பிறகு அமைச்சின் நெறிமுறைக் குழு பார்க்கும். பல்கலைக்கழகத்தின் குழு தனி. மாணவர் தனியாகப் போய் நிற்பதைவிட மேற்பார்வையாளரை முன்னே வைத்துப் போவதுதான் நடக்கிற காரியம். தரவு எந்தக் கணினியில் இருக்கும், யார் யார் பார்ப்பார்கள், என்றைக்கு அழிப்பீர்கள் என்று கேட்பார்கள். “என் மடிக்கணினியில்” என்று முதல் தடவை நான் எழுதியதை மேற்பார்வையாளர் சிவப்பு மையில் வட்டம் போட்டார். இப்போது அது துறையின் பூட்டிய அறையில், இணைய இணைப்பு இல்லாத ஒரு கணினியில் இருக்கிறது. பென்டிரைவ் கொண்டுபோகக் கூடாது. ஒரு பருவம் முழுக்கத் தேவைப்படும் வேலை இது. மார்ச் மாதம் கெடு என்றால் ஜனவரியில் தொடங்காதீர்கள்.

எல்லாத் தரவுக்கும் இந்தப் பாடு இல்லை. கோவிட் காலத்தில், 2021 ஜூலையில் அமைச்சு கிட்ஹப் தளத்தில் அன்றாட எண்ணிக்கையைத் திறந்துவிட்டது. யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். இடைநிலைப்பள்ளி மாணவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம், நானும் அதில்தான் வரைபடம் போடக் கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றும் படித்துத் தெரிந்துகொண்டேன். நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வங்கியை, தொலைபேசி நிறுவனத்தை, தனியார் மருத்துவமனையைக் கட்டுப்படுத்தும். மத்திய, மாநில அரசாங்கங்களை அது கட்டுப்படுத்தாது, சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அப்படியானால் அரசாங்கக் கிளினிக்கில் பாட்டி கொடுத்த விவரத்துக்கு அந்தச் சட்டம் காவல் இல்லை. தொழில் நெறியும், நான் எரிச்சலோடு நிரப்பிய அந்தப் பாரமும், அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்ட அந்த அதிகாரியும்தான் காவல். அவரைத் தொலைபேசியில் ஒருமுறை அழைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான், ஆனால் சொல்ல வரவில்லை. “ஒன்பது போதுமா, அடிக்?” என்று சிரித்தார்.

அனுமதி வந்துவிட்டது. தரவையும் பார்த்துவிட்டேன். முடிவுகளை எழுத இன்னும் நேரம் இருக்கிறது, ஆய்வு ஏற்கப்படும் முன் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்திட்டிருக்கிறேன். முதன்முதலாகக் கோப்பைத் திறந்தபோது ஆயிரக்கணக்கான வரிகள் ஓடின. சிலாங்கூர், இந்தியர், பெண், 60க்கு மேல். அந்த வரிகள் நிறைய இருந்தன. அதில் பாட்டி எது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் போனதில் ஒரு நிம்மதி.

இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் செய்வது என்று முடிவு. எங்கள் ஊர்ப் பெயர், எந்தக் கால், எந்த ஆண்டு என்று எல்லாமே முதல் பிரதியில் இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவை வாங்கி, ஒவ்வொன்றாக அடித்தார்.

“பாட்டி, என் பேரு மேலே வருமே. என்னைத் தெரிஞ்சவங்களுக்கு உங்களைத் தெரியாதா?”

“உனக்கு ரெண்டு பாட்டி இருக்கோம் இல்ல? யாருன்னு எழுதாத. பேசிக்கட்டும்.”

கடைசியாக அவருடைய வயது. அதையும் அடித்துவிட்டு நிமிர்ந்தார். “அறுபதுக்கு மேலன்னு போடு, கண்ணு. அது போதும்.”