சைக்கிளின் ஈர்ப்பு மையம் எங்கே?

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையில் கட்டுடன் வந்தான். கேரியரின் பின்கோடியில் அரிசி மூட்டையைக் கட்டி, செங்குத்தான ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளியபோது முன்சக்கரம் எழும்பிவிட்டதாம். "ஏன் சார் தூக்குச்சு?" என்ற அவன் கேள்வியே அன்றைய பாடமானது. திருப்புத்திறன்களின் தத்துவம் நடத்த வேண்டிய நாளும் அதுதான்.

தேவையானவை: ஒரு சைக்கிள், மாணவர்களின் எடை பார்க்கும் கருவி, அதே உயரத்துக்குப் பலகை, அளவுநாடா.

முன்சக்கரத்தைக் கருவியின் மீதும் பின்சக்கரத்தைப் பலகை மீதும் சமமட்டமாக நிறுத்தினோம். கைப்பிடியை அழுத்தாமல், சாயாதபடி மட்டும் ஒருவர் பிடித்துக்கொண்டார். முன்சக்கரம் 7 கிலோ காட்டியது. இடம் மாற்றி வைத்ததும் பின்சக்கரம் 11 கிலோ. மொத்தம் 18 கிலோ. இரு அச்சுகளுக்கும் இடையே 108 செ.மீ.

பின்அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொள்வோம். மொத்த எடையின் திருப்புத்திறனும் முன்சக்கரத்தைத் தரை தாங்கும் விசையின் திருப்புத்திறனும் சமம்:

18 × தொலைவு = 7 × 108
தொலைவு = 42 செ.மீ.

இருபுறமும் எடையே வருவதால் கிலோவை நியூட்டனாக மாற்றாமலே விடை கிடைக்கும். பலரும் நடுவில், அதாவது 54 செ.மீ.யில் இருக்கும் என்றே ஊகித்திருந்தார்கள். பின்அச்சிலிருந்து 42 செ.மீ. முன்னே, மேற்குழாயில் கயிறு கட்டித் தூக்கினோம். சைக்கிள் ஏறக்குறைய சமமாக நின்றது.

அடுத்து, 18 கிலோ மூட்டையைக் கேரியரின் பின்கோடியில் வைத்தோம். முன்சக்கரம் 4 கிலோ, பின்சக்கரம் 32 கிலோ. மூட்டை பின்அச்சுக்கும் பின்னால் இருந்ததால் முன்சக்கரத்தின் பாரம் குறைந்தது. இப்போது தொலைவு 4 × 108 ÷ 36 = 12 செ.மீ. மட்டுமே.

ஏற்றத்தில் சைக்கிள் சாயும்போது ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு பின்சக்கரத்தை நோக்கி நகரும். 12 செ.மீ.யைக் கடக்கச் சிறிது சரிவே போதும். கடந்ததும் முன்சக்கரம் எழும்பும். மூட்டை உயரமாக இருந்தால் இன்னும் எளிதில் எழும்பும். சமதளத்தில் எடை பார்த்தால் அந்த உயரம் தெரியாது; ஒரு முனையை உயர்த்தி மீண்டும் எடை பார்க்க வேண்டும். லாரி, பேருந்துக்கும் இதே முறைதான்.

"அப்ப மூட்டையை முன்னால தள்ளிக் கட்டணும், சார்" என்றான் கட்டுப் போட்ட மாணவன். விடையை அவனே சொல்லிவிட்டான். உங்கள் பள்ளியின் சைக்கிள் நிறுத்துமிடத்திலும் இந்தப் பாடத்தை நடத்திப் பாருங்கள்.