தோலில் எழுதிய பதிவேடு

தாராவியில் நைன்டி ஃபீட் ரோட்டை ஒட்டிய சந்துகளில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டுப் பாட்டிமார் கையை நீட்டினால் முழங்கைக்குக் கீழே பச்சை தெரியும். புள்ளிக் கோலம், தேள், சில கைகளில் ஒரு பெயர். மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த சட்டியில் படிந்த கரியை வழித்துத் தாய்ப்பாலில் குழைப்பார்கள், அதுதான் மை. குறத்தியர் இந்த மையைச் செய்யும் விதத்தை நூறாண்டுக்கு முன்பே மானிடவியல் ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டன் குறித்து வைத்திருக்கிறார். சிறுமியாக இருந்தபோது ஆத்தா பிடித்து உட்காரவைத்து, அழ அழக் குத்திவிட்டதுதான் என்றாலும், அந்தப் பச்சை அவர்களுக்கு நகை. கழற்ற முடியாத நகை, அடகுக் கடைக்கும் போகாது.

ஐரோப்பாவில் அதே முன்கையில் குத்தப்பட்ட இன்னொரு பச்சை உண்டு. அதில் கோலம் கிடையாது, வெறும் எண்.

நாஜி ஜெர்மனியின் வதை முகாம்கள் எல்லாவற்றிலும் கைதிகளுக்குப் பச்சை குத்தினார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. டாஹாவ் முகாமிலும் புக்கன்வால்டிலும் எண் சட்டையில் தைக்கப்பட்டது. உடம்பில் குத்தியது போலந்து மண்ணில் இருந்த ஆஷ்விட்சிலும் அதன் கிளை முகாம்களிலும் மட்டும்தான். அதற்குக் காரணம் கொடூர ஆசை என்பதைவிட, கணக்கு வழக்குச் சிக்கல் என்பதே பொருந்தும். அதுதான் இந்தக் கதையில் அதிகம் நடுங்கவைக்கும் பகுதி.

1941 அக்டோபரில் சோவியத் போர்க் கைதிகள் ஏறத்தாழ 10,000 பேர் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். பசியிலும் குளிரிலும் அடியிலும் நாள்தோறும் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். செத்தவனின் சட்டை உரிக்கப்பட்டு அடுத்தவனுக்குப் போகும். சட்டையோடு எண்ணும் போய்விடும். பிணம் யாருடையது என்று பதிவேட்டில் எழுத வழியில்லை. எழுத்தர்களின் இந்தத் தலைவலிக்கு மருந்தாக ஓர் இரும்பு அச்சு வந்தது. மாற்றிச் செருகக்கூடிய தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சென்டிமீட்டர் அளவு ஊசிகள் ஓர் இலக்க வடிவில் நிற்கும். முழு எண்ணையும் கோத்து இடது மார்பில் ஒரே குத்து. கசியும் ரத்தத்தின் மேல் மையைத் தேய்த்தால் வேலை முடிந்தது.

அந்த அச்சு அதிக நாள் ஓடவில்லை. பிறகு பேனாபோல் பிடிக்கும் ஒற்றை ஊசியால், இடது முன்கையில் இலக்கம் இலக்கமாகக் குத்தத் தொடங்கினார்கள். 1942ல் யூதக் கைதிகளுக்கும், 1943 வசந்தத்திலிருந்து முகாமில் ஏற்கெனவே இருந்தவர்கள் உட்பட ஏறக்குறைய எல்லோருக்கும் இது நடந்தது. ஜெர்மானியக் கைதிகள் உட்படச் சிலருக்கு விலக்கு. ஆளும் இனத்தின் தோலில் கறை படக்கூடாதாம். ரோமா மக்களின் எண்ணுக்கு முன்னால் 'இசட்' என்ற எழுத்து. 1944 மே மாதம் முதல் வந்த யூதர்களுக்கு 'ஏ', ஆண்களில் பிறகு வந்தவர்களுக்கு 'பி'. கைக்குழந்தையின் முன்கையில் எண் கொள்ளாது, தொடையில் குத்தினார்கள்.

ஊசி பிடித்தவர்களும் கைதிகள்தான். அவர்களில் ஒருவரான ஸ்லோவாக்கிய யூதர் லாலே சோகொலோவின் எண் 32407. அவர் வாழ்க்கையை வைத்து ஹெதர் மோரிஸ் எழுதிய நாவல் 2018ல் வெளிவந்து உலகமெங்கும் விற்றது. ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகம் அதில் தகவல் பிழைகள் மலிந்திருப்பதாக எச்சரித்தது. நாவலை நாவலாகப் படிப்பது நல்லது.

ஆஷ்விட்சில் வழங்கப்பட்ட எண்கள் 4 லட்சத்துக்குச் சற்று அதிகம். அங்கே கொண்டுவரப்பட்டவர்களோ சுமார் 13 லட்சம் பேர். மிச்சப் பேர் எங்கே? ரயிலிலிருந்து இறங்கியதும் வேலைக்கு ஆகமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட கிழவர்கள், நோயாளிகள், பிள்ளையைச் சுமந்த தாய்மார் நேரே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு எண்ணே போடவில்லை. சாகப்போகிறவர்களுக்கு எதற்கு வீண் மை? ஆக, கையில் எண் வாங்கியவருக்கு இன்னும் சில வாரமோ மாதமோ உழைக்க அனுமதி கிடைத்தது என்று அர்த்தம். மொத்தத்தில் 11 லட்சம் பேர் அந்த முகாமில் கொல்லப்பட்டார்கள்.

தப்பிப் பிழைத்தவர்களில் சிலர் பின்னாளில் மருத்துவரிடம் போய் எண்ணை அகற்றிக்கொண்டார்கள். சிலர் கோடையிலும் முழுக்கைச் சட்டையோடு காலம் தள்ளினார்கள். இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லெவி அகற்றவில்லை. தூரின் நகரில் அவர் கல்லறையில் பெயரோடு 174517 என்ற எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இஸ்ரேலில் சில பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியின் எண்ணைத் தங்கள் கையில் விரும்பியே குத்திக்கொள்கிறார்கள். இதைக் கண்டு நெகிழ்ந்த முதியவர்களும் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு.

விருப்பமில்லாத உடம்பில் அரசாங்கம் எழுதுவது ஹிட்லர் கண்டுபிடித்ததல்ல. நம் ஊரிலேயே பழைய கணக்கு இருக்கிறது. சோழர் காலத்தில் சிவன் கோயிலுக்கு அடிமையாக்கப்பட்டவர்களுக்குச் சூல இலச்சினை பொறிக்கும் வழக்கம் இருந்ததைக் கல்வெட்டுகளே சொல்கின்றன. கோயிலுக்கு உரியவர் யார் என்பதில் சந்தேகம் வரக்கூடாது அல்லவா!

ஆனால் அதைச் சட்டமாக்கி, படிவம் நிரப்புவதுபோல் நெற்றியில் நிரப்பியது கிழக்கிந்தியக் கம்பெனி. 1797ல் வங்காளத்தில் வந்த விதிப்படி, ஆயுள் தண்டனைக் கைதியின் நெற்றியில் அவன் பெயர், செய்த குற்றம், தண்டனை பெற்ற தேதி, தீர்ப்புச் சொன்ன நீதிமன்றம் ஆகியவற்றை அந்தந்த ஊர் எழுத்தில் பச்சை குத்த வேண்டும். 'கோத்னா' என்று அதற்குப் பெயர். வட இந்தியப் பெண்கள் ஆசையாகக் குத்திக்கொள்ளும் அதே பச்சைக்கும் அதுதான் பெயர். நகையைப் பிடுங்கி விலங்காக்கிவிட்டார்கள். சென்னை மாகாணமும் இம்முறையை எடுத்துக்கொண்டது. பம்பாய் மாகாணம் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாகாணக் கைதிகளும் மொரிஷியஸ், பினாங்கு, சிங்கப்பூர் என்று கடல் கடந்து ஏற்றுமதியானார்கள். அங்கே நெற்றியில் எழுத்துள்ளவனைக் கண்டால் வங்காளத்தான் அல்லது சென்னைக்காரன் என்று கொள்ளலாம். வெறும் நெற்றிக்காரன் பம்பாயிலிருந்து வந்தவனாக இருக்கக்கூடும்.

கைதிகள் சும்மா இருக்கவில்லை. முடியை நெற்றியில் விழ வளர்த்தார்கள். தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டினார்கள். கம்பெனியின் மையை ஒரு முழத் துணி தோற்கடித்தது.

சிங்கப்பூரின் புனித அந்திரேயா பேராலயம் 1856க்கும் 1861க்கும் இடையே இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்தது. அதன் சுவருக்குப் பூசியது 'மதராஸ் சுண்ணாம்பு': சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் தெளித்துத் தேய்க்கும் நம்மூர்க் கைவேலை. காய்ந்ததும் சலவைக்கல்போல் மினுங்கும். கட்டடம் எழுவதற்குள் கோத்னா சட்டத்திலிருந்து போய்விட்டது, 1849ல் ஒழித்தார்கள். அதற்கு முன் குத்தப்பட்டவர்களின் நெற்றியை எந்தச் சட்டமும் துடைக்கவில்லை. தண்டனை தவறென்று பின்னால் தெரியவந்தாலும் அழிக்க முடியாத தீர்ப்பு அது.

கம்பெனியின் சிறையும் ஆஷ்விட்சும் ஒன்றல்ல. ஒன்று நீதிமன்றம் தண்டித்தவர்களை வேலைக்கு நாடுகடத்தியது. இன்னொன்று ஓர் இனத்தையே அழிக்கும் இடமானது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவைப்பது பதிவேடு. ஆளைப் பதிவேட்டோடு பிசகாமல் பொருத்த வேண்டும் என்ற அலுவலகத் தேவைக்கு, இரண்டு இடத்திலும் தோல்தான் காகிதமாயிற்று.

ஊசி போனதும் அந்தத் தேவை வேறு வழிகளைத் தேடிக்கொண்டது. 1858ல் திறக்கப்பட்ட அந்தமான் குடியேற்றத்தில் கைதிகள் எண் எழுதிய வில்லையைக் கழுத்தில் மாட்டித் திரிந்தார்கள். அதே ஆண்டு வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் உள்ளங்கை அச்சை வாங்கினார். அந்தப் பாதை 1897ல் கல்கத்தாவில் கைரேகைக் கூடமாக முடிந்தது. குத்தவே வேண்டாம், தோலில் பிறவியிலேயே எழுதியிருப்பதைப் படித்தால் போதும் என்று ஆனது.

இந்தக் கைரேகை தமிழ்நாட்டில் ரத்தம் பார்த்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, பிறமலைக் கள்ளர் ஆண்கள் ரேகை பதிய வேண்டும், ராத்திரி காவல் நிலையத்தில் படுக்க வேண்டும், ஊர் விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும் என்றானது. குற்றம் செய்தவன், செய்யாதவன் என்ற பேச்சே இல்லை, பிறந்ததே குற்றம். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் மறுத்தது. 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947ல் போயிற்று.

மும்பைக்காரர்களுக்கு முத்திரை அனுபவம் அண்மையில்தான். 2020 மார்ச்சில், வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டுத் தனிமையில் இருக்க வேண்டியவர்களின் இடது புறங்கையில், தேர்தலில் வைக்கும் எளிதில் அழியாத மையால் முத்திரை குத்த மகாராஷ்டிர அரசு உத்தரவிட்டது. நோய்த் தடுப்புக்கான ஏற்பாடு, சில வாரத்தில் அழிந்துவிடும் மை, நியாயம் இருந்தது. இருந்தாலும் ஒரு வாரத்துக்குள்ளேயே, ஜெர்மனியிலிருந்து வந்து சூரத்துக்கு ரயிலேறிய நான்கு பேர், கையில் முத்திரை தெரிந்ததால் பால்கரில் இறக்கிவிடப்பட்டார்கள். அதே மாதக் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூர் மாவட்டத்தில் ஒரு பெண் காவல் அலுவலர், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளியின் நெற்றியில், ஊரடங்கை மீறியவன், என்னிடமிருந்து விலகி நில் என்ற பொருளில் பேனாவால் எழுதினார். விமானத்தில் வந்தவருக்குப் புறங்கை, நடந்து வந்தவருக்கு நெற்றி.

நெற்றியில் பேனாவோடு நின்றதாவது அந்தத் தொழிலாளியின் அதிர்ஷ்டம். 1993 டிசம்பரில் அமிர்தசரஸ் போலீஸ் பிடித்த பெண்களில் நான்கு பேரின் நெற்றியில் 'ஜேப்கத்ரி' என்று, அதாவது பிக்பாக்கெட்காரி என்று, பச்சையே குத்தினார்கள். கோத்னா ஒழிந்து 144 ஆண்டுக்குப் பிறகு, அதுவும் எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லாமலே. விஷயம் பத்திரிகைக்கும் தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போனது. எழுத்தை அகற்றப் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சை செய்யும் நிலை வந்தது. வழக்கு சிபிஐ கைக்கு மாறி ஊர்ந்தது. பாட்டியாலா சிபிஐ நீதிமன்றம் மூன்று போலீஸ் அலுவலர்களைக் குற்றவாளிகள் என்று அறிவித்தது 2016 அக்டோபரில். இருவருக்கு மூன்றாண்டுச் சிறை, ஒருவருக்கு ஓராண்டு.