கல்யாணப் பேச்சில் விசாவையும் சேர்த்துப் பேசுங்கள்!

வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால், ஒரு காலத்தில் அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன் என்று அர்த்தம். இப்போது மாப்பிள்ளையே வெளிநாட்டுக்காரராக வருகிறார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பெங்களூரில் உடன் வேலை பார்த்த ஜெர்மானியரை மணக்க விரும்புவதாக என் மகள் சொன்னபோது, சொந்தக்காரர்கள் கேட்காத கேள்வி இல்லை. "என்ன மதம்? நம்ம சாப்பாடு ஒத்துக்குமா? பிறக்கிற குழந்தைக்கு என்ன பேர் வைப்பீங்க?" என்று துளைத்து எடுத்தார்கள். என் நாத்தனார் மட்டும், "அண்ணி, அங்கே போய் இவ எந்தக் காகிதத்தோட பேர்ல இருக்கப் போறா? அதைக் கேட்டீங்களா?" என்றாள். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவள். காகிதத்தின் அருமை தெரிந்தவள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் நாங்கள் தெரிந்துகொண்டவை மற்ற தாய்மார்களுக்கும் பயன்படட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், அந்நாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டால் அந்நாட்டில் வாழும் உரிமை தானாக வந்துவிடாது. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். "டூரிஸ்ட் விசால போகட்டும், அங்கேயே மாத்திக்கலாம்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. ஜெர்மனிக்கு அந்தச் சுற்றுலா விசாவில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள்தான் தங்க முடியும். மனைவியாகப் போய் வாழ்வதற்கென்று தனி விசா இருக்கிறது. பொதுவாக அதை இங்கிருந்தே வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

அடுத்து, திருமணப் பதிவு. கோயிலில் தாலி கட்டிய போட்டோ மட்டும் தூதரகத்தில் செல்லாது. மணமக்கள் இருவரும் இந்துக்களாக இல்லாவிட்டால், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்யலாம். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாட்கள் வசித்திருக்க வேண்டும். பதிவாளரிடம் நோட்டீஸ் கொடுத்து, ஆட்சேபணைக்காக மேலும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். மூன்று சாட்சிகள் வேண்டும். இதைக் கணக்குப் பண்ணாமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள்!

நம் தமிழ்ப் பெண்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. அதுதான் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரே ஒரு எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர், பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லாமல் "பெண் குழந்தை" என்று மட்டும்! வெளிநாட்டு அதிகாரிக்கு இவை மூன்று பேர் மாதிரி தோன்றும். இந்தத் திருத்தங்களைத் திருமணப் பேச்சு தொடங்கும்போதே ஆரம்பித்துவிடுவது நல்லது.

ஜெர்மனிக்கு மனைவியாகப் போக, பெரும்பாலும் அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும். ஏ1 என்பார்கள். 2007-இல் வந்த விதி இது. என் மகள் மாக்ஸ்முல்லர் பவனில் சேர்ந்து படித்துத் தேறினாள். கணவர் ஜெர்மன் குடிமகன் என்பதால், அங்கே போனதும் வேலை பார்க்கத் தடை இல்லை.

எல்லா நாட்டிலும் இதே கதை அல்ல. அமெரிக்கருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண், கல்யாணத்துக்கு முன்பே அதற்கான விசாவில் போகலாம். போய் 90 நாட்களுக்குள் அவரை மணக்க வேண்டும். வேலை பார்க்க அனுமதி தனியாக வாங்க வேண்டும். இங்கேயே மணமுடித்து, மனைவிக்கான குடியேற்ற விசாவில் போனால் இறங்கியதுமே வேலைக்குப் போகலாம், ஆனால் விசாவுக்கு அதிக காலம் காத்திருக்க நேரலாம். பிரிட்டனில் கணவரின் வருமானத்தைப் பார்க்கிறார்கள். 2024 ஏப்ரலில் அந்த வரம்பை ஆண்டுக்கு 29,000 பவுண்டாக உயர்த்தினார்கள். கனடாவில் ஸ்பான்சர் செய்யப்படும் மனைவிக்கு நிரந்தர வசிப்புரிமையே கிடைக்கிறது. புதிதாக மணந்தவர்கள் இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தே ஆக வேண்டும் என்று அங்கே இருந்த நிபந்தனையை 2017-இல் எடுத்துவிட்டார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நல்ல காரியம் பேசும்போது இதை வாயால் சொல்லவே கூசும். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்: "ஒருவேளை இருவருக்கும் ஒத்துவராமல் போனால், என் பெண்ணின் கதி என்ன?"

ஜெர்மனியில், அங்கே மூன்று ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்திருந்தால், பிரிந்தாலும் மனைவிக்குத் தனியாக வசிப்புரிமை கேட்க வழி உண்டு. அடி உதை போன்ற கொடுமை என்றால் மூன்று ஆண்டு ஆகாவிட்டாலும் கேட்கலாம். அமெரிக்காவில், திருமணமாகி இரண்டு ஆண்டு முடியாத நிலையில் குடியேறும் மனைவிக்கு இரண்டு ஆண்டுக்கான நிபந்தனைப் பச்சை அட்டைதான் தருவார்கள். நிபந்தனையை நீக்கக் கணவனும் மனைவியும் சேர்ந்து மனு போட வேண்டும். விவாகரத்து, கொடுமை போன்ற காரணங்கள் இருந்தால் மனைவி தனியாகவும் போடலாம். பிரிட்டனிலும் குடும்ப வன்முறைக்கு ஆளான மனைவி தன் பெயரிலேயே நிரந்தர உரிமை கேட்கலாம். "நான் கையெழுத்துப் போடலேன்னா உன்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க" என்ற மிரட்டலுக்குப் பயந்து அடங்கிக் கிடக்க வேண்டியதில்லை. சட்டம் அவளுக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அது இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஊருக்கே திரும்ப நினைத்தாலும் கணக்கு இருக்கிறது. இந்தியப் பெண்ணின் வெளிநாட்டுக் கணவர், திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு தொடர்ந்த பிறகே இங்கே ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். நம் பெண் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஜெர்மனி 2024-லிருந்து இரட்டைக் குடியுரிமையை அனுமதித்தாலும் நம் நாடு அனுமதிப்பதில்லை. ஆகவே அவசரப்பட்டு முடிவெடுக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் நேராகவே கேட்டோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதையெல்லாம் அவள் தெரிந்துகொண்டு வந்தால் எனக்கும் நிம்மதி" என்றார். கேட்டதும் முகம் சுளிக்கிறவர் என்றால், அதுவும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தானே?

சகோதரிகளே, விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாமல் தூதரகத்திலேயே விசாரியுங்கள். பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் எல்லாம் மகளின் கையிலேயே இருக்கட்டும். பிரதி ஒன்று உங்கள் பீரோவிலும் இருக்கட்டும். எத்தனை பவுன் போடுவது என்று நாலு நாள் உட்கார்ந்து பேசுகிறோம். அவள் அங்கே சொந்தக் காலில் நிற்பதற்கான காகிதங்களைப் பற்றியும் ஒரு நாள் உட்கார்ந்து பேசக்கூடாதா?

– ஒரு வாசகி, திருச்சி