நூறு கிராமின் பின்னால்

மல்யுத்தம், குத்துச்சண்டை, ஜூடோ போன்ற மோதல் விளையாட்டுகளில் ஏறத்தாழ ஒத்த எடையினரே மோதவேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட எடைப்பிரிவுகள், இயல்பான எடைக்குக் கீழான பிரிவில் இறங்கித் தம்மைவிடச் சிறியவரை வெல்லலாம் என்ற கணக்குக்கும் இடமளித்துவிட்டன. எதிராளியும் அதே கணக்கைப் போட்டால் ஆதாயம் எவருக்கும் இல்லை என்பது வேறு. போட்டிக்கு முந்தைய சில நாட்களில் விரைந்து குறைக்கப்படும் எடையில் கொழுப்பின் பங்கு சிறிதே. தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தின் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன், அதன் ஒவ்வொரு கிராமோடும் பிணைந்துள்ள சுமார் 3 கிராம் நீர், வியர்வையாக வெளியேற்றப்படும் உடல்நீர் ஆகியவையே பெரும்பகுதி. நீர் குறையக் குறைய இரத்தத்தின் கன அளவு சுருங்குவதால் இதயம் விரைந்து துடிக்க நேர்கிறது. உடல் தன் வெப்பத்தைத் தணிக்கும் திறனும் குன்றுகிறது. 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர் மூவர் இவ்வாறு எடை குறைக்கும் முயற்சியில் இறந்த பின்னரே, வியர்வையைப் பெருக்கும் காற்றுப்புகா உடைகளும் சானா எனப்படும் வெப்ப அறைகளும் அங்குத் தடைசெய்யப்பட்டு, எடை பார்க்கும் நேரமும் போட்டிக்கு நெருக்கமாக மாற்றப்பட்டது.

உலக மல்யுத்தத்தில் ஒரு பிரிவின் போட்டிகள் இரு நாள் நடக்கையில் இரு நாள் காலையிலும் எடை பார்க்கப்படுவதால், முதல் நாள் உண்டு பருகித் தேறியவர் இரவுக்குள் மீண்டும் வற்றவேண்டியிருக்கிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் 53 கிலோ பிரிவில் ஆடிய இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ பிரிவில் ஆகஸ்ட் 6 அன்று மூன்று போட்டிகளில் வென்று, இரவு முழுதும் எடை குறைக்க முயன்று, கூந்தலையும் வெட்டிக்கொண்ட பின்னரும், மறுநாள் காலை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கப்பட்டு, விதிப்படி கடைசி இடத்தில் வைக்கப்பட்டார்.