உயிருக்கு எத்தனை புள்ளி?

“அக்கா, உனக்கு உயிரே இல்லக்கா!”

கடந்த டிசம்பர் விடுமுறையில் ஓர் இரவு. வீட்டில் எல்லாரும் உறங்கிவிட்டார்கள் என்று எண்ணி, ஒலியைக் குறைத்து வைத்து ‘எல்டன் ரிங்’ விளையாடிக் கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்த தம்பி திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன சொல் அது. மொர்கொட் என்ற அரசனிடம் அன்று நான் பதினேழாவது முறையாகத் தோற்றிருந்தேன். அவன் ஓங்கி அடித்தால் என் மந்திரவாதி இரண்டாவது அடிக்குத் தாங்கமாட்டாள்.

தம்பி என் கதாபாத்திரத்தின் புள்ளிப் பட்டியலைத் திறந்து காட்டினான். மொர்கொட்டின் பலத்தைவிட என் திட்டம்தான் என்னைத் தோற்கடித்தது என்று அப்போதுதான் புரிந்தது.

எட்டுப் பண்புகள், ஒரே பை

ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட விளையாட்டு ‘எல்டன் ரிங்’. அவ்வாண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதையும் வென்றது. விளையாடாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிரிகளைக் கொன்றால் ‘ரூன்’ கிடைக்கும். அதைச் செலவழித்து ஒரு நிலை உயரலாம். ஒரு நிலைக்கு ஒரே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை எட்டுப் பண்புகளில் ஒன்றில் போட வேண்டும்: உயிர்வலு, மனவலு, தாங்குதிறன், பலம், லாவகம், அறிவாற்றல், நம்பிக்கை, மறைஞானம். நிலை உயர உயர அடுத்த புள்ளியின் விலையும் ஏறிக்கொண்டே போகும்.

இந்த வழக்கம் கணினி விளையாட்டுகளில் தோன்றியதன்று. 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டில் ஆறு பண்புகள் இருந்தன. மூன்று பகடைகளை உருட்டி, விழுந்த எண்ணை எழுதிக்கொள்வார்கள். அங்கே அதிர்ஷ்டம் முடிவு செய்தது. அதே மரபில் 2023இல் வந்த ‘பால்டர்ஸ் கேட் 3’இல் 27 புள்ளிகளை நம் கையில் கொடுத்து, நீயே பங்கிட்டுக்கொள் என்கிறார்கள். பகடையைப் பழி சொல்ல வழியில்லை. பங்கிட்டதில் பிழை என்றால் அது நம் பிழைதான்.

நான் செய்த கணக்கு

நான் தேர்ந்தெடுத்தது விண்மீன்களைப் பார்த்து மந்திரம் பயிலும் ‘அஸ்ட்ராலஜர்’ வகுப்பு. ஆறாம் நிலையில் தொடங்கும். அறிவாற்றல் 16, உயிர்வலு வெறும் 9. ‘காமெட் ஆஸூர்’ என்றொரு மந்திரம் இருக்கிறது. பெரிய அரக்கர்களையும் நீல ஒளிவெள்ளத்தில் கரைத்துவிடும் காட்சியைக் காணொளிகளில் பார்த்து மயங்கியிருந்தேன். அதைப் பயன்படுத்த அறிவாற்றல் 60 வேண்டும். அது ஒன்றுதான் என் குறி.

அறுபதாம் நிலையை அடைந்தபோது 54 புள்ளிகளைச் செலவழித்திருந்தேன். அறிவாற்றலுக்கு 40. மந்திரம் ஓத வேண்டிய மனவலுவுக்கு 10. தாங்குதிறனுக்கு 1. உயிர்வலுவுக்கு 3. தம்பி விரல் வைத்துக் காட்டியது அந்த 3ஐத்தான்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் சமமாகக் கொடுத்திருக்கலாமா? அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ‘ரெட்ச்’ என்ற வகுப்பு முதல் நிலையில், எல்லாப் பண்புகளும் 10 என்று தொடங்கும். அதாவது மொத்தம் 80. பிற ஆட்டக்காரர்களோடு மோத விரும்பும் பலர் 125ஆம் நிலையில் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த நிலையில் கையிலிருப்பது 204 புள்ளிகள். எட்டால் வகுத்தால் ஒன்றுக்கு 25 சொச்சம். 60 கேட்கும் மந்திரம் எட்டாக்கனி. உயிரும் 800தான். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும், எதிலும் கெட்டி இல்லை. எட்டுப் பண்புகளையும் உச்சமான 99க்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் 713ஆம் நிலை வரை ஏற வேண்டும். அதற்குப் பொறுமை உள்ளவர்கள் மிகச் சிலர்.

ஒரு புள்ளியின் மதிப்பு மாறும்

எல்லாப் புள்ளியும் ஒரே விலை மதிப்புள்ளது என்று நினைத்ததுதான் என் பெரிய தவறு.

உயிர்வலு 10 என்றால் உயிர் 414. அதை 40க்கு உயர்த்தினால் 1,450. முப்பது புள்ளிகளில் 1,036 கூடுகிறது. ஒரு புள்ளிக்குச் சராசரியாக 34. நாற்பதிலிருந்து 60க்குப் போனால் 1,900. இப்போது ஒரு புள்ளிக்கு 22 சொச்சம். அறுபதிலிருந்து 99 வரை 39 புள்ளிகளைக் கொட்டினாலும் கிடைப்பது 200தான். புள்ளிக்கு ஐந்து. இப்படிப் பலன் குறையத் தொடங்கும் இடத்தை ஆட்டக்காரர்கள் ‘சாஃப்ட் கேப்’ என்பார்கள். பொருளியல் படிப்பவர்களுக்கு இது பழகிய பாடம். இரண்டாம் தட்டு பிரியாணிக்கு முதல் தட்டின் ருசி இருக்காது.

ஆக, நான் அறிவாற்றலில் கடைசியாகப் போட்ட பத்துப் புள்ளிகளைவிட, போடாமல் விட்ட உயிர்வலுப் புள்ளிகளுக்குத்தான் பலன் அதிகம்.

தேவை தெரிந்தால் மிச்சம் பிடிக்கவும் முடியும். ‘கிரேட்சோர்ட்’ என்ற பெரிய வாளைத் தூக்கப் பலம் 31 வேண்டும். ஆனால் ஆயுதத்தை இரு கைகளாலும் பிடித்தால் பலம் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படும். கேடயம் வேண்டாம் என்று முடிவு செய்தவருக்கு 21 போதும். மிச்சமாகும் பத்துப் புள்ளிகளும் ஒன்றை விட்டுக்கொடுத்ததால் கிடைத்தவை.

இணையத்தில் இருக்கிறதே?

“அதான் யூடியூப்ல எல்லாம் இருக்கே” என்பீர்கள். தம்பியும் அப்படித்தான் தொடங்கினான். 150ஆம் நிலைக்கான பட்டியல் ஒன்றை அப்படியே எழுதி வைத்துக்கொண்டான். ஆனால் அந்தப் பட்டியல் முடிவைத்தான் சொன்னது. முப்பதாம் நிலையில் எது முதலில், எது பிறகு என்று சொல்லவில்லை. கடைசியில் வர வேண்டியதை முதலில் வளர்த்துவிட்டு, தொடக்கத்துக் கோட்டையிலேயே இரண்டு வாரம் மாட்டிக்கொண்டான். அதனால்தான் என் பட்டியலைப் பார்த்ததும் அவனுக்கு நோய் தெரிந்தது.

பட்டியலை எழுதியவருக்கு ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். எண்ணை நகலெடுக்கலாம். காரணத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மறுபிறவி

ரென்னாலா என்ற அரசியை வென்றபின், ‘லார்வல் டியர்’ என்ற பொருளைக் கொடுத்து அவளிடம் மறுபிறவி எடுக்கலாம். எல்லாப் புள்ளிகளையும் திரும்பப் பங்கிடலாம். ஆனால் தொடக்க வகுப்பு கொடுத்த அளவுக்குக் கீழே எதையும் குறைக்க முடியாது. அந்தப் பொருளும் விளையாட்டில் கணக்காகத்தான் கிடைக்கும்.

அன்றிரவு அறிவாற்றலிலிருந்து 18 புள்ளிகளை எடுத்து உயிர்வலுவில் போட்டேன். அறிவாற்றல் 38, உயிர்வலு 30. காமெட் ஆஸூர் கனவு தள்ளிப்போனது. மந்திரத்தின் தாக்கமும் குறைந்தது. ஆனால் ஐந்நூறைக்கூடத் தொடாத உயிர் 994 ஆனது. அடி வாங்கியபின் விலகி நிற்க நேரம் கிடைத்தது. விலகி நின்றதால் மொர்கொட் எப்போது கையை ஓங்குகிறான் என்று பார்க்க முடிந்தது. மறுநாள் மாலை, ஐந்தாவது முயற்சியில் அவன் விழுந்தான்.

“உனக்கு உயிரே இல்ல” என்று தம்பி சொன்னது என்னை வேறு விதத்திலும் சுட்டது. அந்த விடுமுறைக்கு முந்தைய பருவத்தில் ஆறு பாடங்கள் எடுத்தேன். தமிழ் மன்றச் செயற்குழுவில் பொறுப்பு. வாரம் மூன்று நாள் துணைப்பாட வகுப்பு நடத்தி வருமானம். தூக்கத்துக்கு நான்கு மணி நேரம். எல்லாப் புள்ளியையும் மதிப்பெண்ணிலும் தற்குறிப்பிலும் கொட்டினேன். தேர்வு வாரத்தில் காய்ச்சலில் விழுந்து, 40 விழுக்காடு மதிப்புள்ள ஒரு தேர்வை எழுதாமல் விட்டேன். அம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

விளையாட்டில் உயிர் எவ்வளவு என்று திரையின் மேல் மூலையில் சிவப்புக் கோடு காட்டும். நிஜத்தில் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. எழுதாமல் விட்ட தேர்வுக்கு லார்வல் டியரும் கிடையாது. இந்தப் பருவம் நான்கு பாடங்கள். துணைப்பாட வகுப்பு ஒரே நாள். செயற்குழுப் பொறுப்பைத் தோழியிடம் ஒப்படைத்தேன். விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, வலித்தது. ஆனால் எதை விடுகிறேன், ஏன் விடுகிறேன் என்று இந்த முறை எனக்குத் தெரியும்.

தம்பி இவ்வாண்டு சாதாரண நிலைத் தேர்வு எழுதுகிறான். படிப்புக்கு நடுவே, சனிக்கிழமை மட்டும் என்ற உறுதிமொழியோடு, ‘ரெட்ச்’ வகுப்பில் புதிதாகத் தொடங்கியிருக்கிறான். எல்லாம் பத்து, உடம்பில் உடைகூடச் சரியாக இல்லை.

“முதல் புள்ளி எதுக்குடா?” என்று கேட்டேன்.

“பலம்!” என்றான் பெருமையாக. பிறகு நேராகப் போய், தொடக்கத்திலேயே குதிரையில் உலவும் தங்கக் கவச வீரனிடம் ஒரே அடியில் செத்தான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே பட்டியலைத் திறந்து, கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.