படைத்தளம் அகன்ற பின்னர் சூபிக்

படைத்தளமொன்று மூடப்படும்போது அதனை அண்டி வாழ்ந்த மக்களின் கதி யாது? பிலிப்பைன்ஸின் சூபிக் குடா இதற்கு விரிவான விடை தருகின்றது.

அமெரிக்கக் கடற்படையை அங்கு தொடர்ந்து தங்கவைக்கும் உடன்படிக்கையை 1991 செப்டெம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் சபை 12க்கு 11 என்ற வாக்குகளால் நிராகரித்தது. 1992 நவம்பரில் கடற்படை வெளியேறியது. தளத்தின் ஊழியர்கள் மட்டுமன்றி, மாலுமிகளின் செலவையே நம்பியிருந்த அயல் நகரான ஒலொங்காப்போவின் கடைகளும் மதுச்சாலைகளும் வருமானத்தை இழந்தன.

முன்னரே கைவிடப்பட்ட கிளார்க் விமானத்தளம் சூறையாடப்பட்டிருந்தது. சூபிக்கிலோ ஆயிரக்கணக்கான நகரவாசிகள் ஊதியமின்றிக் காவல் நின்றனர். கப்பல்துறையும் ஓடுபாதையும் சேதமின்றி எஞ்சியமையாலேயே அங்கு சுதந்திர வர்த்தக வலயம் விரைவில் இயங்கத் தொடங்கியது. முதலீட்டாளரைப் புகழ்வோர் இதனைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

1995இல் பெடெக்ஸ் நிறுவனம் தனது ஆசிய விமானப் பொதி மையத்தை அங்கு அமைத்தது. 2009இல் அது சீனாவின் குவாங்சோவுக்கு மாற்றப்பட்டது. வலயத்தில் பாரிய கப்பல் கட்டுந்தளத்தை நடத்திய தென்கொரிய ஹன்ஜின் நிறுவனத்தின் உள்ளூர்க் கிளை, 2019 ஜனவரியில் கடன் சுமையால் நீதிமன்றத்தை நாடியது. பல்லாயிரம் பேருக்குத் தொழில் வழங்கிய இடம் அது. வொஷிங்டனின் தீர்மானத்தில் தங்கியிருந்த நகரம், இப்போது தொலைதூரப் பணிப்பாளர் சபைகளின் தீர்மானங்களில் தங்கியிருக்க நேர்ந்தது.

காட்டில் உயிர்பிழைக்கும் முறைகளை அமெரிக்கப் படையினருக்குக் கற்பித்த அயெட்டா பழங்குடியினர், பின்னர் அவற்றையே உல்லாசப் பயணிகளுக்குக் காண்பிக்கலாயினர்.